தோம்பா கரும்பில் முடித்த ஆட்டம்

தோம்பா காலையில் போய்விட்டான். பாகூரில், மகள் வீட்டில். சாயங்காலம் எடுக்கிறார்கள்... மழை விட்டால்.

ஊர் குரூப்பில் "சிலம்பத் தாத்தா மறைவு" என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள். அவன் ஆடியது சிலம்பம் இல்லை, தாங்-தா. மணிப்பூரில் மெய்தி மக்கள் வாளும் ஈட்டியும் எடுத்துப் பழகும் போர்க்கலை. அதையே சாமிக்கு முன்னால் நடனமாகவும் ஆடுவார்கள்.

யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய என் சித்தப்பா, மணிப்பூரில் காய்ச்சலில் விழுந்துவிட்டார். அவரைத் தாங்கிக்கொண்டு, பாகூர் பக்கம் நம் ஊர் வரை வந்தவன் இவன். இங்கேயே தங்கிவிட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போவோம்.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. தீமிதித் திருவிழாவில் ஆடச் சொல்லி ஊரே கேட்டது. ரொம்பத் தயங்கினான்.

"எடுத்தா முடிக்கணும்பா. நடுவுல நின்னா, நிக்கிற மண்ணுக்கே ஆவாது."

மணிப்பூரிலிருந்து கொண்டுவந்த வாளோடு ஆடினான்... பாதியில் விசில். சர்க்கார் போலீஸ்காரர் நிஜ வாளைப் பார்த்துப் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். சுதந்திரக் கூட்டம், ஊர்வலம் என்று அவர்கள் மிரண்டு கிடந்த நேரம்.

தோம்பா தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடா, கொக்காட்டம் நிக்கிற? மீனு வரலியா?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

"வாள் இல்லாம வெக்கக் கூடாதுபா" என்றான் என்னிடம், மெதுவாக. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சதும் நீங்களே வெச்சிக்குங்க" என்று போலீஸ்காரரிடம் கேட்டேன். "போடா" என்றார்.

பந்தக்காலில் கட்டியிருந்த கரும்பை முறித்து அவன் கையில் திணித்தேன். அதைக்கொண்டே முடித்தான்.

வாள் திரும்பி வரவே இல்லை. ஸ்டேஷனுக்கு எத்தனை நடை! பிரெஞ்சுக்காரன் போன பிறகும் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்... அது அவன் வாள்.

அதன் பிறகு ஒவ்வொரு புயலுக்கும், மகளுக்கு ஒரு ஜுரம் என்றாலும், என் வாசலில் வந்து நிற்பான்.

"கரும்புல முடிச்சது செல்லுமாபா?"

"செல்லும்டா."

"உனக்கு எப்டி தெரியும்?"

"தெரியும். வூட்டுக்குப் போ."

அவன் மொழி எனக்குத் தெரியாது. அவன் சாமியும் தெரியாது. இருந்தாலும் ஒரு தடவைகூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

போன வாரம் போனிலும் அதே கேள்வி. ஒரே இரைச்சல். நான் கத்திச் சொன்னது அவன் காதில் விழுந்ததா... தெரியவில்லை.

விடிந்ததிலிருந்து மழை. பாகூர் ஏரி நிறைந்து கிடக்கிறதாம். கரைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்று மருமகள் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் கிளம்புகிறேன். நம் கொல்லையிலிருந்து ஒரு கரும்பு வெட்டி வைத்திருக்கிறேன். அவன் பக்கத்தில் வைக்க வேண்டும். யாரும் தடுக்காதீர்கள்.

செல்லும்டா தோம்பா. காலைக் கீழ வை.