தண்ணீர் மேல் போட்ட பழி

எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் ஐ வரவழைக்கும் வைரஸோடுதான் வேலை. அது டி.என்.ஏ. வகை, மனிதச் செல்லின் உட்கருவுக்குள் புகுந்துதான் தன்னைப் பிரதியெடுக்கும்.

உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்று ஒரு சின்ன உருண்டை உண்டு. அதிலுள்ள புரதங்கள் வெள்ளி நைட்ரேட் பட்டால் கறுக்கும். நல்ல செல்லில் அந்தக் கறுப்பு உருண்டையோடு நின்றுவிடும். வைரஸ் ஏற்றிய செல்லிலோ உருண்டை வெளிறி, உட்கருவெங்கும் கறுப்புத் திட்டுகள். வைரஸ் பெருகும் இடங்களுக்கே அந்தப் புரதங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று பட்டது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் தன் சமையலை நடத்துகிற சாமர்த்தியம்! உடனே என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

அவர் மைக்ராஸ்கோப்பில் அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "என்னம்மா இது, வெறும் அழுக்கு. போர் தண்ணில கழுவியிருப்ப. உப்புல வெள்ளி படிஞ்சிருக்கு."

"டிஸ்டில்டு வாட்டர்தான் சார். அதே தண்ணில கழுவின நல்ல செல்லுல திட்டே இல்லையே?"

"நம்ம ஊரு தண்ணியப் பத்தி எனக்கே சொல்றியா? டைம் வேஸ்ட் பண்ணாத."

எங்கள் பகுதியில் முடி கொட்டினாலும் பருப்பு வேகாவிட்டாலும் தண்ணீர்தான் குற்றவாளி. நானும் அங்கேயே வளர்ந்தவள், நம்பித் தொலைத்தேன். செல்களை ஒட்டிப் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். அன்று சாயங்காலமே அத்தனையையும் அமிலத்தில் போட்டேன். ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூட எனக்கு அறிவில்லை.

ஆய்வை வேறு தலைப்புக்கு மாற்றிக்கொண்டு பட்டம் வாங்கி, அங்கேயே வேலையிலும் ஒட்டிக்கொண்டேன். சில வருஷம் கழித்து, கப்பலில் தாமதமாக வரும் வெளிநாட்டு இதழ் ஒன்றில் அதே கறுப்புத் திட்டுகள். நியூக்ளியோலஸ் புரதங்களை வைரஸ் தன் பிரதியெடுப்புக்கு இழுத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஏதாவது சொல்வார் என்று பேராசிரியரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தவர், வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அதை நானே மாணவர்களுக்கு விளக்க வேண்டும் என்றார்.

விளக்கினேன். முடிந்ததும் அவர் எழுந்து, "பார்த்தீங்களா? இதையெல்லாம் கவனிக்கிற புத்தி நம்ம ஆளுங்களுக்கு ஏன் வர மாட்டேங்குது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லியாம்மா?" என்றார்.

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

"ஆமா சார்" என்றேன்.

அவர் மேலிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பதிலைச் சொன்ன என் மேல்தான் இன்னும் ஆறவில்லை.