காலை எட்டு மணிக் கையெழுத்து

யாரையும் நம்பாத ஒருவர் எதை நம்பி எட்டு மாதம் தினமும் ஒரே கதவின் முன் போய் நின்றார்? பழனிவேலை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு சாயத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஆபரேட்டர். வீடு சிதம்பரத்தில். 2009 பிப்ரவரியில் தொழிற்சாலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். திருப்பூரில் ஆர்டர் இல்லை, சாயம் தேங்கிவிட்டது, அறுபத்திரண்டு பேருக்கு மறு உத்தரவு வரை லே-ஆஃப். பாதிப் பேர் அதை லீவு என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சாமிக்கண்ணு ஊருக்குப் போய் முந்திரித் தோப்பில் இறங்கிவிட்டார்.

பழனிவேல் கடைசி வரிவரை படித்தார். தினமும் காலை எட்டு மணிக்கு டைம் ஆபீசில் கையெழுத்துப் போட்டால்தான் அரைச் சம்பளம். தொடர்ந்து பத்து நாள் வராதவர் தானாக வேலையை விட்டவர்.

"வேல இல்லாதவன எதுக்கு வரச் சொல்றான்? வர மாட்டான்னுதான்" என்றார்.

ஆறேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார். மார்ச்சில் கேட்டுக்கு எதிரிலேயே ஒரு வேன் வந்து நின்றது. பாண்டிச்சேரி கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், முழுச் சம்பளமாம். கூடவே வேலை பார்த்த ராபர்ட் கிளம்பிவிட்டான்.

"வா மச்சான், அங்க ஷிப்டு கூட கம்மி."

"இங்க ஆள வேணாங்கறப்ப, இங்கயே வந்து ஏன் ஆள் எடுக்கறான்?"

"ஒனக்கு சாமியே நேர்ல வந்தாலும் ஐடி கார்டு கேப்ப."

அது காண்டிராக்ட் வேலை. இரண்டு மாதத்தில் முடிந்தது. ராபர்ட் திரும்பி வந்தபோது பதிவேட்டில் அவன் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. வேனில் போன பதினொரு பேருக்கும் அதே கதி. வேனை அனுப்பியவர் யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ராபர்ட்.

"சொன்னனே."

"நீ எல்லாத்தயுந்தான் சொல்ற. டீயில தண்ணி ஜாஸ்தின்னும் இதே மூஞ்சியிலதான் சொன்ன."

எல்லாவற்றையும் சந்தேகிப்பவர் ஒன்றைச் சரியாகச் சந்தேகித்தாலும் யாருக்கும் உதவுவதில்லை. அவருடைய எச்சரிக்கை உணர்வைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் மனைவி ஞானாம்பாள் ஒருமுறை, "நம்ம புள்ள மார்க்கு வாங்குனாலும் யாரப் பாத்து எழுதுனன்னு கேக்கறீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்டோபரில் ஆர்டர் வந்தது. ஒரு நாள்கூட விடாமல் வந்த பதினெட்டுப் பேரைத் திரும்ப எடுப்பதாகப் பட்டியல் ஒட்டினார்கள். பழைய சம்பளம், பழைய சீனியாரிட்டி. முதல் பெயர் பழனிவேல். அவர் அதை மூன்று முறை படித்தார். முத்திரை சரியாக இருந்தது. யூனியன் செயலாளர் சபாபதியும் சட்டப்படி எல்லாம் சரி என்றார்.

உள்ளே போனவர்கள் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழனிவேல் டைம் ஆபீசுக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். வேலையை விடுவதாக நான்கு வரி எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். கிளார்க் காரணம் எழுதச் சொன்னார். "எம் பேர அவன் அடிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன், அவன நம்பி இல்ல" என்று சொல்லி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, எதிர்ச் சாரிக்குப் போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்.