பனி மெஷினும் 68 நம்பர் ஆயிலும்

1. வந்து இறங்கிய சாமான்

கல்ஃபில், ஜெபல் அலி துறைமுகப் பக்கம் நான் வேலை பார்த்தது பழைய மெஷின் யார்டு. வாங்குவோம், ரிப்பேர் பார்ப்போம், வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புவோம். நான் ஹைட்ராலிக் மெக்கானிக், ஆயில் அழுத்தத்தில் ஓடும் மெஷின்களைப் பார்ப்பவன். ஒரு நவம்பர் காலையில் டிரெய்லரிலிருந்து ஒரு டிராக்டர் இறங்கியது. கூடவே, வாய் திறந்த பெரிய இரும்புப் பெட்டி ஒன்றும் வந்தது. பெட்டிக்குள் குறுக்கே ஒரு நீளத் திருகு, மேலே வளைந்த புகைபோக்கி மாதிரி ஒரு குழாய்.

"காக்கா, இது என்ன சாமானம்?"

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; யார்டில் எல்லோருக்கும் அவர் காக்காதான். "ஸ்னோ புளோயர். ரோட்டுல கெடக்குற பனிய அள்ளி ஓரத்துல வீசும். டிராக்டருல மாட்டி ஓட்டிக் காட்டணும். வாங்குற பார்ட்டி ஆபீஸ்ல உக்காந்திருக்காரு."

"நான் குளச்சல்காரனாக்கும். பனிக்கட்டிய நான் கண்டது மீன்பெட்டியிலதான்."

"நான் மட்டும் என்ன இமயமலையிலயா பொறந்தேன்? வேலையப் பாருப்பா அந்தோணி."

பார்ட்டியின் பெயர் தவ்லத். தஜிகிஸ்தானில் ஒரு மலைக்கிராமம். ஊரார் சேர்ந்து அவரை அனுப்பியிருந்தார்கள். பஜாரில் பழகிய அரைகுறை இந்தி பேசுவார்; மெக்கானிக்கை மரியாதையாக உஸ்தாத் என்பார். டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "உஸ்தாத், பிச்லா சால் ரோடு பந்த். ஆஸ்பத்திரி தூர். மேரா பச்சா கதம்."

போன வருஷம் அவர் மனைவிக்கு வலி கண்டபோது பனி விழுந்து ரோடு அடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியோ தூரம். குழந்தை போய்விட்டது. இப்போது அந்த அம்மா மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஜனவரியில் பிரசவம் என்றார். டீ கிளாஸை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

2. சாம்பார் கிண்டிய புளோயர்

டிராக்டர் முன்னால் புளோயரை மாட்டி, ஹோஸ் கனெக்ட் பண்ணி, ரேஸ் கொடுத்தேன். திருகு சுற்றியது. எப்படி? கல்யாண வீட்டில் சாம்பார் கிண்டுவது போல. அதை வைத்துப் பனியை வீச முடியாது, பேசாமல் கிண்டிக்கொண்டே இருக்கலாம்.

"மோட்டார் போச்சா? வேற போட்டுருவோமா?" என்றார் காக்கா.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. அது குடிக்கிற அளவுக்கு இந்த டிராக்டர் ஆயில் குடுக்க மாட்டேங்கு. பக்கெட் தூக்க இது போதும். புளோயர் சுத்தக் காணாது."

பிரஷர் சரியாக இருந்தது. நிமிஷத்துக்கு வரும் ஆயில்தான் பாதிகூட இல்லை. இதற்கு ஒரே வழி பி.டி.ஓ. பம்ப். ஊரில் வயலில் ரோட்டவேட்டரைச் சுற்றுமே, டிராக்டர் பின்னால் இருக்கும் அந்த ஷாப்ட்தான் பி.டி.ஓ. அதில் தனிப் பம்ப் ஒன்றை மாட்டி, தனி டேங்க், ஃபில்டர் வைத்து, தடித்த ஹோஸ் இரண்டை முன்னால் புளோயருக்குக் கொண்டுபோனேன். புளோயர் மோட்டாரிலிருந்து கசிவு ஆயில் திரும்ப ஒரு சின்ன ஹோஸ் வரும். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளே, அதை நேராக டேங்குக்கே விடுங்கள். சோம்பல்பட்டு ரிட்டர்ன் லைனில் சேர்த்துக் கட்டினால் சீல் பிதுங்கி, மானம் கப்பலேறும்.

டேங்கை நிரப்பியது 68 நம்பர் ஆயில்; நம்பர் கூடக்கூட ஆயில் கெட்டி. கல்ஃப் வெயிலில் ஆயில் தண்ணியாகிவிடும் என்பதால் கெட்டியான 68தான் எங்களுக்கு எல்லா மெஷினுக்கும். வேறு நம்பர் இருக்கிறது என்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

ஓட்டிப் பார்க்கப் பனி வேண்டுமே? கராமா ரூமில் என்னோடு இருந்த சேவியருக்கு ஜெபல் அலியிலேயே மீன் கோல்டு ஸ்டோரில் வேலை. அவன் ஒரு பிக்கப் நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து யார்டில் கொட்டினான். டிராக்டரை அந்தக் குவியலுக்குள் விட்டேன். ஐஸ் குழாய் வழியாகச் சீறிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பக்கத்து காரேஜ் பட்டான்கள், டயர் கடை மலையாளிகள் எல்லோரும் ஓடிவந்து அந்த ஐஸ் சிதறலில் நின்றார்கள். மீன் வாடையோடு ஒரு பனிமழை. தவ்லத் அன்றுதான் சிரித்தார். இத்தனை வருஷ கல்ஃப் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்காதா என்று நான் ஏங்குவது அந்த அரைமணி நேரத்துக்குத்தான்.

3. ஜன்னலில் வைத்த பாட்டில்

மறுநாள் மெஷினைக் கன்டெய்னரில் ஏற்ற வேண்டும். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது சேவியர் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"எவம்ல ஏசிய இப்பிடிப் போட்டது? எண்ணெ கல்லாக் கெடக்கு" என்று திட்டிக்கொண்டே பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வைத்தான். எங்கள் ரூமில் தினமும் நடப்பதுதான். ஆனால் அன்று சீப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். ஏசிக்கே தேங்காயெண்ணெய் இந்தப் பாடு படுகிறது. தவ்லத் ஊர்க் குளிரில் என் டேங்கு என்ன ஆகும்?

"லே சேவியரு, ஒங்க ஸ்டோர்ல எவ்வளவு குளிரு?"

"மைனஸ் இருவது. எதுக்குடே?"

"யார்டுல எறங்கி ஒரு பாட்டில் ஆயில் வாங்கிட்டுப் போ. உள்ள வச்சிட்டு மத்தியானம் பாத்துச் சொல்லு."

காக்காவிடம் சொன்னதும் எகிறினார். "அதான் ஐஸ வாரி வீசிச்சே, இன்னும் என்ன?"

"ஐஸுதான் குளிரு, மெஷின் வெயில்ல நின்னுச்சு. அவுக ஊருல டேங்கும் பம்பும் பனியிலல்லா நிக்கும்?"

"சாயங்காலம் கன்டெய்னர் போர்ட்டுக்குள்ள போகணும். இந்தக் கப்பல விட்டா, அடுத்தது போய்ச் சேர்றதுக்குள்ள பனியில மலைப்பாதை அடைஞ்சிரும். அப்புறம் அந்த மனுசன் மெஷின வச்சு என்ன செய்வாரு?"

அவர் சொன்னதும் நியாயம். கப்பலை விட்டாலும் போச்சு, இப்படியே அனுப்பினாலும் போச்சு. மத்தியானம் சேவியர் வீடியோ அனுப்பினான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். ஆயில் ஆறிப்போன பாயசம் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. இதை உறிஞ்சப் போனால் பம்ப் ஒரே காலையில் செத்துவிடும். தவ்லத் போனை வாங்கிப் பார்த்தார். டிராக்டர் டயர்மேல் போய் உட்கார்ந்தார்.

காக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார் சாவியை எடுத்தார். "புஜைரா துறைமுகத்துல கப்பலுக்கு சாமான் போடுற கடை ஒண்ணு எனக்குத் தெரியும். குளிர்க் கடலுக்குப் போற கப்பலுக்கு உறையாத ஆயில் வச்சிருப்பான். தவ்லத் பாய், சலோ. அந்தோணி, நான் வரதுக்குள்ள ஒரு சொட்டு 68 இருக்கப்படாது."

டேங்க், ஹோஸ், ஃபில்டர், மோட்டார் எல்லாவற்றையும் இறக்கி வடித்தேன். திரும்பி வந்தபோது காக்கா வெள்ளைச் சட்டையோடு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். புது ஆயிலை ஊற்றி, ஓட்டி, ஏற்றி, கன்டெய்னர் கதவைப் பூட்டினோம். போர்ட் கேட் மூடுவதற்குள் டிரெய்லர் போய்ச் சேர்ந்தது. தவ்லத் என் ஆயில் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

4. ஜனவரி

நான் இப்போது வேலையை விட்டு ஊரோடு இருக்கிறேன். கல்ஃபுக்குக் கிளம்பும் பையன்கள் வந்து யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன்: ஸ்பேனரைத் தொடும் முன்பு, இந்த மெஷின் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் இதை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் கை, நாம் நிற்கும் ஊர்ப் பழக்கத்துக்கே போகும்.

அந்த ஜனவரியில் தவ்லத் ஒரு வீடியோ அனுப்பினார். டிராக்டர் முன்னால் பனியை வீசிக்கொண்டு போகிறது. அது திறந்த வழியில், பின்னாலேயே, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு ஜீப் மெதுவாக வருகிறது. அதற்கு மறுநாள் கம்பளியில் சுற்றிய ஒரு குழந்தையின் படம். கூடவே அவர் குரல். குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை.

"உஸ்தாத், தேல் நஹி ஜமா" என்றார். ஆயில் உறையவில்லையாம்.

யார்டில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன். காக்கா போனை வாங்கி அந்தக் குரலை மறுபடியும் போட்டுக் கேட்டார்.