கேப்பை அடையும் ஒரு கும்பிடும்

காய்ந்த கல்லில் எண்ணெய் விழுந்து, அதன்மேல் முருங்கைக்கீரை கலந்த கேப்பை மாவைத் தட்டும்போது எழும் வாசனை இன்றும் எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்குப் பசிப்பதில்லை, கோபம்தான் வருகிறது.

எண்பதுகளில், நான் நாலாவது படித்தபோது, என் அம்மா களையெடுப்பு இல்லாத நாட்களில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் "மல்லாட்டை", விற்றாள். காலனிக்காரி கையால் சமைத்ததை எங்கள் ஊரில் எவரும் வாங்கமாட்டார்கள். மல்லாட்டை மட்டும் வாங்குவார்கள்; தோல் உரித்துத்தானே தின்கிறோம், தீட்டு தோலோடு போய்விடும் என்பது அவர்கள் கண்ட நியாயம். டவுனில் நம்மை யாருக்குத் தெரியும் என்று துணிந்து, ஒருநாள் அம்மா அடை சுட்டு வாழையிலையில் மடித்து எடுத்துப்போனாள். இரண்டு பஸ் வந்து கிளம்புவதற்குள் கூடை காலி. "இனிமே எவன் கழனியிலயும் குனிய மாட்டேன்டி, இதுவே போதும்" என்று அன்று அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மாதம் ஒன்று நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். விழுப்புரம் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் எங்கள் ஊர்ப் பெரியவீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அம்மா பத்து வருஷம் களையெடுத்தது அவர் கழனியில்தான். அவர் அடை கேட்கவும், அம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நீட்டினாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குனிந்த முதுகை மட்டுமே பார்த்தவருக்கு முகம் எப்படித் தெரியும்? "ஜோரா இருக்கு, இன்னொண்ணு குடும்மா" என்றார். என் அம்மாவை அவர் மரியாதையாகக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

நான்தான் கெடுத்தேன். அவரைக் கண்டால் கும்பிட்டு "ஆண்டே" என்று சொல்லவேண்டும் என காலனிப் பிள்ளைகள் எல்லோரையும்போல எனக்கும் பேச்சு வந்த நாள்முதல் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் கையைக் கூப்பி, "கும்புடறேன் ஆண்டே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாயிலிருந்ததைத் துப்பினார். "எங்கூரு காலனிக்காரிங்க இவ! எல்லாரையும் ஏமாத்திக்கினு திரியறா!" என்று கத்தினார். ஜன்னல் ஜன்னலாக அடைகள் தரையில் விழுந்தன. பாதி தின்றவர்கள்கூடக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். எதை ஏமாற்றினாள் அவள்? நாக்குக்கு ருசித்தது ஒரு சொல் காதில் விழுந்ததும் நாறிப்போனதா?

அம்மா என்னை அடிக்கவில்லை. விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, "அந்த வார்த்தைய இனிமே நீ சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவள் அதே கழனிக்குக் களையெடுக்கப் போனாள், வரப்பில் நின்று "ஆண்டே" என்று கூப்பிட்டு வேலை கேட்டு.

இப்போது ஊரில் அந்தச் சொல் காதில் விழுவதில்லை. பஸ்களும் பாதி பைபாஸிலேயே போய்விடுகின்றன. திண்டிவனத்தில் ஒரு கடையில் கேப்பை அடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சத்துணவு என்று சொல்லி விற்கிறார்கள். போன மாதம் பெரியவீட்டுக்காரரின் பேரன் அங்கே நின்று வாங்கிக்கொண்டிருந்தான். சுட்டது யார் என்று அவன் கேட்கவில்லை. என் அம்மா சாகும்வரை மறுபடி அடை சுடவேயில்லை, வீட்டில் எங்களுக்குக்கூட.