ருக்கு வழி எழுதமாட்டாள்

ருக்கு போய்விட்டாள். இன்று காலை, அடையாறில் அவள் பிள்ளை வீட்டில், தூக்கத்திலேயே...

நேற்றுச் சாயங்காலம்கூட போனில் கத்தினாள். இரண்டு பேருக்கும் காது மந்தம். "நாளைக்கு வரேண்டி. அடைக்கு நனைச்சு வை. காரம் கம்மியா போட்டே, அங்கேயே சண்டை."

விடிந்ததும் நனைத்துவிட்டேன். அப்புறம்தான் போன் வந்தது.

"நல்ல வயசு, கல்யாணச் சாவு" என்று தயவுசெய்து யாரும் கமெண்ட் போடாதீர்கள். எனக்கும் அதே வயசுதான். 1930-களில் மயிலாப்பூர் ஸ்கூலில் ஒரே பெஞ்ச் நாங்கள்.

கணக்கில் புலி அவள். ஆனால் பேப்பரில் விடை மட்டும்தான் இருக்கும். வழியெல்லாம் ஸ்லேட்டில் போட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நல்ல காகிதத்தை அழுக்குப் பண்ணக்கூடாதாம்!

செகண்ட் ஃபார்ம், அதாவது ஏழாம் கிளாஸ் பரீட்சையில் அத்தனையும் சரி. டீச்சர் முட்டை போட்டார். "வழி எங்கே?"

இவள் எழுந்து, "இலைல சாதத்தைத்தானே போடுவா, டீச்சர்? அரிசி களைஞ்ச தண்ணியையுமா விடுவா?" என்றாள். வாய்... அப்பப்பா, என்ன வாய்!

கிளாஸே சிரித்தது. டீச்சருக்கு வந்ததே கோபம். "காப்பி அடிச்சுட்டு வாய் வேறயா? நாளைக்கு அப்பாவை அழைச்சுண்டு வா."

ருக்குவின் முகம் வெளிறிப்போனது. அவள் அப்பா ஏற்கெனவே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்கூலிலிருந்து ஒரு புகார் போனால் படிப்பு அன்றோடு சரி.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். "அவ பக்கத்துல நான் ஒருத்திதான் டீச்சர். என்னோடது அத்தனையும் தப்பு. என்னைப் பார்த்து எழுதியிருந்தா அவளும்னா ஃபெயிலாயிருப்பா!"

டீச்சர் என் பேப்பரை எடுத்துப் பார்த்தார். பக்கம் பக்கமாக வழி... ஒரு விடைகூடச் சரியில்லை, எனக்கும் முட்டைதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

ருக்குவை போர்டில் வேறொரு கணக்குப் போடச் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள், வரிக்கு வரி வழியோடு. அப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

ஸ்கூல் ஃபைனல் வரை அதே பெஞ்ச். பிறகு கல்யாணம், குழந்தைகள், டிரான்ஸ்ஃபர்... எந்த ஊரிலிருந்து பேசினாலும் முதல் வார்த்தை, "என்னடி, முட்டை!" என் பேரன் பேத்திகள் எதிரிலும் அதேதான். மானத்தை வாங்குவாள்.

இந்த ஊரில் எல்லோருக்கும் நான் பாட்டி. 'டீ' போட்டுப் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வண்டி வந்துவிட்டது. அடையாறு போய் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எப்படிப் பார்ப்பேனோ, தெரியவில்லை.

இருடி ருக்கு... வந்துண்டே இருக்கேன்.