இடைவேளையில் எழுந்து போன மகன்

முப்பத்திரண்டு வயதாகியும் வேலை அமையாத என் மகனோடு தருமபுரியில் மதியக் காட்சிக்குப் போனேன். பட்டணத்தில் அம்மா சோற்றில் காலம் தள்ளும் ஒருவனின் கதை. கொட்டகையே சிரித்தது. பக்கத்து அம்மாளிடம், "எங்க வூட்லயும் இப்படி ஒண்ணு இருக்குதுங்க" என்று மகனைக் காட்டினேன். முன்வரிசைக்காரர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளைக்குப் போனவன் திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. "முருகா, நீதான் காப்பாத்தணும்" என்று சாமியை வேண்டியபடியே மகனைத் தேடினேன். ரயில் நிலையத்தில், நடைமேடையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு ரயில் போயிருச்சும்மா. ஏறவும் தோணல, வூட்டுக்கு வரவும் தோணல."

அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை அர்ச்சனையில், "இவனுக்கு வேலை கெடைக்கணும் சாமி" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். இப்போது பெயரும் நட்சத்திரமும் மட்டும்தான் சொல்கிறேன். மனதுக்குள் முதலில் அவன் ஆயுசைக் கேட்டுவிட்டு, வேலையைப் பிறகுதான் கேட்கிறேன்.