கடல் தெரியாத அஞ்சலட்டை

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அழுது முடித்துவிட்டோம். இனி அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசலாம் என்றுதான் தங்கையாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன நிலங்களில் கூலி வேலை செய்தார்கள். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. மோட்டார் கொட்டகையில் இன்ஜின் நின்றுபோனால், அதைக் கழற்றுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார் அக்கா. பொறியியல் முடித்ததும் கப்பல் இன்ஜினியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில், "பொம்பளைக்குக் கப்பல்ல தனி ரூம் கிடையாதும்மா" என்றார்களாம்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தா போதும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து கப்பலின் இன்ஜின் அறைக்கு வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான். தலைமை இன்ஜினியராகவும் உயர்ந்தார். விடுமுறையில் காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்தால் கப்பல் பேச்சே எடுக்கமாட்டார். சித்தப்பா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "லீவு கம்மி சித்தப்பா" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தினர் அவரைக் கௌரவிக்க ஓர் அஞ்சலட்டை அச்சிட விரும்பினார்கள். பட்டுச்சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் போடுவது என் தொழில் என்பதால் படத்தை என்னிடமே ஒப்படைத்தார்கள். வெள்ளைச் சீருடையில், கப்பலின் முகப்பில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் கேட்டார்கள். அப்படியே வரைந்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "யாருடி இது?"

"நீதாங்க்கா."

"நான் எங்க கடலப் பாத்தேன்? கப்பலோட அடிவயித்துல இன்ஜினோட மாரடிச்சுக்கினு இல்ல இருந்தேன்."

அன்றுதான் ஒரு மழைக்காலப் பயணத்தைப் பற்றி முதல்முறையாகச் சொன்னார். கரையருகே எண்ணெய்க் குழாய் வெடித்து இன்ஜின் நின்றுவிட்டது. அலை கப்பலைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. சூடு ஆறாத இன்ஜினுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் மற்றவர்களால் நுழைய முடியவில்லை. அக்கா ஊர்ந்து போய், முழங்கை வெந்துபோக, புதுக் குழாயைப் பொருத்தினார். இன்ஜின் ஓடியது. கப்பல் தப்பியது. அவர் முழங்கையில் இருந்த தழும்பை அடுப்படியில் சுட்டுக்கொண்டது என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

முதல் படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். எண்ணெய்க் கறை படிந்த நீல உடை, தலையில் கட்டிய துணி, கையில் ஸ்பேனர், சுற்றிலும் குழாய்கள். சங்கத்துக்காரர் ஒருவர் போனில் தயங்கினார். "கடலே தெரியலியே மேடம்."

அக்கா போனை வாங்கினார். "கடல் வேணும்னா மெரினாவ போட்டோ புடிச்சுப் போடுங்க சார். என்னப் போடறதா இருந்தா இதப் போடுங்க."

இதையே போட்டார்கள்.

கட்டிலில் சாய்ந்தபடியே, உடன் வேலை செய்தவர்களுக்கெல்லாம் அட்டையில் கைப்பட எழுதி அனுப்பினார். இன்ஜின் அறையில் உதவியாளராக இருந்த ஒருவர் தூத்துக்குடியிலிருந்து பதில் எழுதியிருந்தார்: "மேடம், அன்று உங்களுக்கு டார்ச் பிடித்தது நான். படத்தில் என் கையாவது இருக்கும் என்று தேடினேன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "அந்தாளு சொல்றது சரிதான். வெளிச்சம் இல்லாம நான் எந்தக் குழாய மாட்டியிருப்பேன்? அந்தக் கைய வரைடி. அன்னிக்கு அது நடுங்கவே இல்ல" என்றார்.

பென்சில் கோட்டில் அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தக் கையோடு அட்டை மறுபடி அச்சாகி வருமுன் கர்த்தருக்குள் இளைப்பாறினார். அந்த அட்டைதான் இந்த நினைவு மலருக்குள் இருக்கிறது.

சிகிச்சை செய்த மருத்துவர்கள், செவிலியர்கள், வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து சமைத்துக் கொடுத்த சின்னம்மா, ஜெபித்த போதகர், சங்கத்தினர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டார்ச் பிடித்த அண்ணன் இன்று இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்து நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பாமல் அவரோடு கொஞ்ச நேரம் பேசுங்கள். எங்களுக்குத் தெரியாத அக்காவை அவருக்குத் தெரியும்.